சிங்கப்பூரில் இரண்டு வெள்ளிக்குப் பழைய படங்கள்

மார்ச் 17, 2025, திங்கள்: தேக்கா

நாத்தனார் வீட்டுக்கு என்று சொல்லித்தான் சிங்கப்பூருக்கு வந்தேன், ஆனால் பையில் ஒரு பட்டியலும் இருந்தது. எல்லாம் படங்களின் பெயர்கள். ஒரு பக்கம் 1940, 50களின் தமிழ்ப் படங்கள், மறுபக்கம் அதே காலத்தில் இந்த ஊரிலேயே எடுத்த மலாய்ப் படங்கள்.

மலாய்ப் படத்துக்கும் பாளையங்கோட்டைக்காரிக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இங்கே ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தமிழில் ‘ரம்பையின் காதல்’, ‘சாலிவாகனன்’ எடுத்த பி.என். ராவ் இங்கே வந்து 1957ல் ‘பொந்தியானாக்’ என்ற பேய்ப்படத்தை எடுத்தார், அது அப்படி ஓடியது. மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன்தான் 1950ல் ‘பக்தி’ படத்தில் பி. ராம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக ஆக்கியவர். மலாய் உலகம் இன்றும் கொண்டாடும் ராம்லியை! இதெல்லாம் நம் சினிமா வரலாற்றின் ஒரு கிளை. நம்மில் எத்தனை பேர் இதில் ஒரு படமாவது பார்த்திருக்கிறோம்?

யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். சில படங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. மூலையில் டிவி சேனல் முத்திரையோடு, பாட்டு வெட்டி, பக்கவாட்டில் இழுத்து முகமெல்லாம் அகலமாகி, நாளைக்கே யாராவது நீக்கிவிட்டால் அதுவும் போச்சு. எனக்கு டிஸ்க் வேண்டும், அலமாரியில் வைத்து வேண்டும்போது போட்டுப் பார்க்கிற மாதிரி. அதுவும் ஒரு ஆசிரியையின் சம்பளத்துக்குக் கட்டுபடியாகிற விலையில்.

லிட்டில் இந்தியா என்று சொல்லும் தேக்காவில் இறங்கும்போது மணி பதினொன்று. வெயில் நம்ம ஊர் அளவுக்குச் சுடவில்லை, ஆனால் காற்றே இல்லை, பத்து நிமிஷத்தில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உணவங்காடியில் இரண்டு பிராட்டாவும் (நம்ம பரோட்டா) ஒரு தே ஓவும் (பால் இல்லாத டீ) சாப்பிட்டேன், ஐந்து வெள்ளிக்குள் முடிந்தது. ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு, நம்ம ரூபாய் அறுபத்தைந்து பக்கம் வருகிறது, அதனால் எதை வாங்கினாலும் மனசு பெருக்கல் போட்டுக்கொண்டே இருக்கிறது.

முன்பு வந்தபோது சிராங்கூன் சாலையில் வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடும் சிடி கடைகள் இருந்தன. இப்போது அந்த இடங்களில் கைப்பேசிக் கடையும், பணம் அனுப்பும் கடையும், நகைக்கடையும். ஒரு கடையில் இருந்த பையன் “சிடியா அக்கா?” என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே யோசித்து, உள்ளே போய் யாரிடமோ விசாரித்து, வெளியே வந்து தெருவைக் காட்டி வழி சொன்னான். வியாபாரம் இல்லாத ஆளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்லை.

அவன் சொன்ன வழி டன்லப் தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குப் போனது. சூட்கேஸ், தலைக்கு எண்ணெய், ஊருக்கு எடுத்துப்போகும் டார்ச் லைட் என்று எல்லாம் விற்கும் கடை. கல்லாவில் வயதான பாய் ஒருவர். “என்ன ஊரும்மா?” என்றார், சொன்னேன். “நான் கடையநல்லூரு. அப்ப நம்ம பக்கம்தான்” என்று நோன்பு நேரத்திலும் ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருந்து மூன்று அட்டைப்பெட்டி இறக்கினார். நான் வேண்டாம், யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்க என்று சொன்னதைக் கேட்கவே இல்லை. எனக்குத் தண்ணீர்த் தாகம், ஆனால் அவர் எதிரில் பாட்டிலைத் திறக்க மனசு வரவில்லை.

டிவிடி இரண்டு வெள்ளி, விசிடி ஒரு வெள்ளி. பெட்டிக்குள் பாதிக்கு மேல் 2000களின் படங்கள். அடியில்தான் புதையல். வெளிநாட்டுத் தமிழருக்காக ஆங்கிலத் துணைத்தலைப்போடு ஐங்கரன் நிறுவனம் போட்ட டிவிடிகள் சில, அப்புறம் நம் ஊரில் மோசர் பேர் போட்டவை. இந்த மோசர் பேர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அவர்கள் விற்ற காலத்தில்தான் நான் பழைய படம் சேர்க்கவே ஆரம்பித்தேன். அதற்கு முன் ஒரிஜினல் டிவிடி என்பது என் கைக்கு எட்டாத பொருள். அந்த நிறுவனமே 2018ல் கலைப்புக்குப் போய்விட்டது, அப்புறம் அந்த விலைக்கு யாரும் போடவில்லை.

பாயிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று. டிஸ்க்கைக் கையில் எடுத்தால் எல்லாரும் பளபளப்பான அடிப்பக்கத்தில்தான் கீறல் தேடுவார்கள். அவர் முதலில் மேல்பக்கத்தை, அதாவது படம் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்தார். விசிடியில் தகவல் இருக்கும் மெல்லிய படலம் அந்தப் பக்கத்து மைக்கு நேர் கீழே இருக்கிறது, அங்கே கீறினால் தீர்ந்தது. அடிப்பக்கக் கீறலையாவது தேய்த்துச் சரிபண்ணலாம். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பத்திரம். அடுத்து டிஸ்க்கை விளக்குக்கு நேராகப் பிடித்து ஊசி ஓட்டைகள் தெரிகிறதா என்று பார்த்தார். ஓட்டை தெரிந்த இரண்டை என்னிடம் கொடுக்காமல் குப்பைக்கூடையில் போட்டார். நான் பார்த்திருக்கவே மாட்டேன், இரண்டு வெள்ளி கொடுத்து வாங்கியிருப்பேன்.

கிடைத்தவற்றில் முக்கியமானவை: எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷமாகப் போட்டு நடித்த ‘திகம்பர சாமியார்’ (1950), பாட்டே இல்லாமல் எஸ். பாலச்சந்தர் எடுத்த ‘அந்த நாள்’ (1954), மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ (1944). ‘ஹரிதாஸ்’ விசிடி மூன்று டிஸ்க், மூன்றும் உறைக்குள் இருந்தன. விசிடி ஒன்றில் ஒன்றேகால் மணி நேரம் வரைதான் படம் கொள்ளும், அதனால் நீளமான படமென்றால் இரண்டு மூன்று டிஸ்க் ஆகிவிடும், பழைய கடைகளில் கடைசி டிஸ்க்தான் எப்போதும் காணாமல் போயிருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்: பிராஸ் பாசா

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் 1980ல் கட்டியது. புத்தகக் கடைகளுக்குப் பேர் போன இடம். மேலே அடுக்குமாடி வீடுகள், கீழே கடைகள். பழைய புத்தகக் கடை ஒன்றில் படங்களுக்கு ஒரு மூலை இருந்தது, ஜப்பானியப் படம், பிரெஞ்சுப் படம், ஹாங்காங் படம், ஐந்திலிருந்து பத்து வெள்ளி. அதே ஷா சகோதரர்கள் ஹாங்காங்கில் எடுத்த படங்களின் விசிடிகள் அழகான உறையில் வரிசையாக நின்றன. 2000ல் செலெஸ்டியல் நிறுவனம் அந்த ஷா படங்கள் 700க்கும் மேற்பட்டவற்றின் உரிமையை மொத்தமாக வாங்கிச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டது. இருபது வருஷம் கழித்து ஒரு மூலையில் ஐந்து வெள்ளிக்கு அவை கிடைப்பதற்கு அதுதான் காரணம். யாரோ ஒருவர் முழுக் களஞ்சியத்தையும் ஒரே மூச்சில் எடுத்து உழைத்தால் இப்படி நடக்கும். நம் 1940களின் தமிழ்ப் படங்களுக்கு யாராவது இதைச் செய்ய மாட்டார்களா என்று அந்த அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஒன்று மட்டும் வாங்கினேன்.

டிவிடி வாங்குகிறவர்கள் பின்னட்டையில் பூமி உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சிங்கப்பூர் டிவிடிக்கு 3, இந்தியாவுக்கு 5. பூட்டுப் போட்ட டிஸ்க் என்றால் நம் பிளேயரில் ஓடாது. விசிடிக்கு அந்தப் பூட்டே கிடையாது, படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எந்த ஊர் பிளேயரிலும் போகும். பழைய, அரிய படங்கள் ஏழைகள் வீடு வரை வந்து சேர்ந்ததற்கு விசிடிதான் காரணம் என்பது என் எண்ணம், அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

மதியம் ஒரு கசப்பு. எரிக் கூ 2008ல் எடுத்த ‘மை மேஜிக்’ என்ற சிங்கப்பூர்ப் படம், பெரும்பகுதி தமிழிலேயே பேசும் படம், கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. குடித்துக் குடித்துச் சீரழிந்த ஒரு வித்தைக்காரரும் அவர் மகனும்தான் கதை. தமிழில் எடுத்த ஒரு படம் அங்கே போட்டியில் நின்றது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் டிவிடி தன்னிடம் இருப்பதாகப் பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் ஒருவர் போட்டிருந்தார், பன்னிரண்டு வெள்ளி. ரயில் நிலைய வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. வந்தவர் டிஸ்க்கைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே, இன்னொருவர் நாற்பது தருவதாகச் சொல்கிறார், நீங்கள் முப்பத்தைந்து கொடுத்தால் போதும் என்றார். பேசிய விலை பன்னிரண்டுதானே என்றேன். தோளைக் குலுக்கினார். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். பணம் ஒரு பக்கம், அரிய படம் என்றாலே வாங்குகிறவர் கழுத்தில் கத்தி வைக்கலாம் என்ற அந்த நினைப்பு இருக்கிறதே, அதற்குத் துணைபோக எனக்கு விருப்பமில்லை.

வெறுப்போடு ஒரு கோப்பிக் கடையில் போய் உட்கார இடம் தேடினால் எல்லா மேசையிலும் டிஷ்யூ பொட்டலம். இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு சீனப் பெரியவர் தன் தட்டை இழுத்துக்கொண்டு எதிர் நாற்காலியைக் காட்டினார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஹாங்காங் விசிடியைப் பார்த்துவிட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உறையில் இருந்த நடிகை பெயரை உரக்கப் படித்து, அந்தப் படத்தின் பாட்டு ஒன்றை மெதுவாக முனக ஆரம்பித்தார். முனகி முடித்துவிட்டு, “குட் ஷோ, குட் ஷோ” என்று திருப்பிக் கொடுத்தார். பால் இல்லாத கோப்பி ஓ சூடாக, திக்காக, சீனி தூக்கலாக இருந்தது. எனக்கு அந்த முப்பத்தைந்து வெள்ளிக்காரரைப் பற்றிய எரிச்சல் அதிலேயே போய்விட்டது.

மார்ச் 19, புதன்: மழை, நூலகம்

விடியற்காலையிலிருந்தே மழை. தூறல் இல்லை, நிற்காமல் கொட்டுகிறது. நாத்தனார் வீடு இருக்கும் ஈசூனிலிருந்து கூரை போட்ட நடைபாதையிலேயே ரயில் வரை போய்விடலாம் என்பதால் குடையைக் கடைசி ஐம்பது அடிக்குத்தான் விரித்தேன், அதற்குள்ளேயே காலெல்லாம் நனைந்துவிட்டது. விக்டோரியா தெருவில் தேசிய நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். உள்ளே ஏசி குளிர், சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே நிறைய பேர் “அங்கேதான் காப்பகம் இருக்கே, கேட்டா குடுப்பாங்களே” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆசியத் திரைப்படக் காப்பகம் 2005ல் தொடங்கியது, 2014லிருந்து தேசிய நூலக வாரியத்தின் கீழ் இருக்கிறது. ஷாவுக்குப் போட்டியாக இருந்த கத்தே கெரிஸ் ஸ்டூடியோவின் மலாய்ப் படங்கள் 91 அங்கே பத்திரமாக இருக்கின்றன, அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. சில படங்களை ஒவ்வொரு பிரேமாகச் சுத்தம் செய்து மீட்டிருக்கிறார்கள், அதில் நம்மவர் கே.எம். பாஸ்கர் இயக்கிய ‘சுல்தான் மாமூட் மங்காட் டிஜுலாங்’ (1961) ஒன்று. கேனிங் ரைஸில் அவர்களுக்கென்றே ஓல்டம் தியேட்டர் இருக்கிறது, அங்கே திரையிடுவார்கள். ஆனால் காப்பகம் கடை இல்லை. காப்பாற்றுவதும் திரையிடுவதும்தான் அவர்கள் வேலை, பிரதி போட்டு விற்பது உரிமையாளர்கள் கையில். நான் இருக்கும் நாட்களில் என் பட்டியலில் உள்ள எதுவும் திரையில் இல்லை.

காப்பகம் எதற்கு என்பதற்கு ‘பொந்தியானாக்’ படத்தைச் சொன்னால் போதும். அவ்வளவு ஓடிய 1957ன் அந்தப் படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றுதான் சொல்கிறார்கள். அதன் இரண்டாம் பாகமும் அப்படியே. 1958ல் வந்த ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. தமிழ்ப் படம் எடுத்த கை எடுத்த படம், மக்கள் வரிசையில் நின்று பார்த்த படம், அதுவே இல்லாமல் போகிறதென்றால் ஓடாத படங்களின் கதி என்ன என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மதியத்துக்கு மேல் பழைய ‘தமிழ் முரசு’ பக்கங்களைக் கணினியில் புரட்டினேன். 1935ல் கோ. சாரங்கபாணி ஆரம்பித்த பத்திரிகை, பழைய இதழ்களை நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தும் பார்க்கலாம். படம் கிடைக்காவிட்டால் விளம்பரமாவது பார்ப்போம் என்று ஆரம்பித்தது, இருட்டிய பிறகுதான் எழுந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த கல்லூரிப் பையன், எழுத்தைப் பெரிதாக்க எங்கே அழுத்த வேண்டும் என்று தானாகவே எட்டிக் காட்டிவிட்டு, மறுபடி தன் படிப்பில் மூழ்கினான்.

மார்ச் 20, வியாழன்: ஜாலான் அம்பாஸ்

இன்றும் அதே மழை. நாத்தனார் “இந்த மழையில எதுக்கு மதினி, நாளைக்குப் போகலாம்ல” என்றாள். மனசு கேட்கவில்லை.

பாலஸ்தியர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் விளக்குக் கடைகள், பாசிப்பருப்புப் பூரணம் வைத்த தாவ் சார் பியா சுடும் கடைகள். உப்பு, இனிப்பு என்று இரண்டு வகை, சூடாக வாங்கி நடந்துகொண்டே தின்றேன், மழைக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அங்கிருந்து பக்கத்துத் தெருதான் ஜாலான் அம்பாஸ். எண் 8. ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் இங்கேதான் இருந்தது, 1967ல் மூடும்வரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் இந்தச் சின்ன இடத்திலிருந்து வந்தன.

கேட் பூட்டியிருந்தது. வெளியே ஒரு தகவல் பலகை, உள்ளே பழைய கட்டடங்கள், சுற்றிலும் உயரமான குடியிருப்புகள். ஒரு ஸ்டூடியோ என்றால் நமக்கு வடபழனி அளவுக்குப் பெரிய வளாகம் ஞாபகம் வரும், இது அப்படி இல்லை, நாலு வீட்டு மனை அளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இதற்குள்ளேயே கிராமமும் அரண்மனையும் போட்டிருக்கிறார்கள். எல். கிருஷ்ணனும், பி.எஸ். ராஜ்ஹன்ஸும், வங்காளத்து ஃபணி மஜும்தாரும் தங்களுக்குத் தெரியாத மொழி பேசும் நடிகர்களை வைத்துக்கொண்டு இந்த வாசல் வழியாகத்தான் போய் வந்திருப்பார்கள். குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்றார். உள்ளே விட மாட்டார்கள், ஆனால் இந்த மூலையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று இடம் காட்டினார். மழையில் கைப்பேசிக் கேமரா முழுக்க நீர்ப்படலம். ஒரு போட்டோகூட உருப்படியாக இல்லை.

மார்ச் 22, சனி: கேலாங் சிராய்

நேற்று வீட்டிலேயே இருந்துவிட்டேன், தொண்டை கட்டிவிட்டது, நாத்தனார் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். இன்று மாலை கேலாங் சிராய் நோன்புச் சந்தை.

கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் போனதால் எல்லார் கையிலும் பை, எல்லார் முகத்திலும் அவசரம், ஆனாலும் யாரும் இடித்துவிட்டுப் போகவில்லை. விலைதான் திகைக்க வைக்கிறது, கலர் கலராக ஒரு குவளைப் பானம் ஆறு வெள்ளி. நான் கிழங்குப் பலகாரம் ஒன்றும், வாழை இலையில் மசாலா மீன் விழுது வைத்துச் சுட்ட ஓட்டாக் ஓட்டாக்கும் வாங்கி, சுற்றியிருப்பவர்கள் நோன்பு திறக்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

பக்கத்தில் ஜூ சியட் காம்ப்ளெக்ஸ். முழுக்கத் துணிக்கடை, விரிப்புக் கடை. பெருநாள் துணி வாங்க வந்த கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து தேடி, ஒரு ஓரத்தில் மலாய்ப் பாட்டு, படம் விற்கும் குறுகலான கடையைக் கண்டுபிடித்தேன். கல்லாவில் ஒரு மக்சிக், அதாவது வயதான மலாய் அம்மா. எனக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் கொஞ்சம் ஆங்கிலம். பட்டியலைக் காட்டினேன். “எல். கிருஷ்ணன்” என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து, “யூ நோ கிருஷ்ணன்?” என்றார். எங்க ஊர்க்காரர் என்றேன். அவ்வளவுதான், உள்ளேயிருந்து மகனைக் கூப்பிட்டு, கீழ் அலமாரியைத் திறக்கச் சொல்லி, ராம்லி படங்களின் விசிடிகளை வரிசையாக எடுத்து வைத்துவிட்டார்.

‘பக்தி’ இருந்தது! இரண்டு டிஸ்க், ஐந்து வெள்ளி. 1956ல் ஃபணி மஜும்தார் வண்ணத்தில் எடுத்த ‘ஹங் துவா’வும் இருந்தது, அதுவும் ஐந்து. துணைத்தலைப்பு எதிலும் இல்லை. அதைச் சொல்லித் தயங்கினேன். மக்சிக் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்லி, ‘பக்தி’யின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார், ஆட்கள் துணி கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், இவர் யார் யாருக்கு மகன், யார் யாரைக் காதலிக்கிறார் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடையில் பாங்கு சொன்னது. இரண்டு பேரீச்சம்பழம் எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டுத்தான் தன் வாயில் போட்டார். கதை மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசி மட்டும் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள் என்று சிரித்தார். பத்து வெள்ளிக்கு நான் வாங்கியது இரண்டு படமும் ஒரு கதைசொல்லியும்.

மார்ச் 23, ஞாயிறு: மறுபடியும் தேக்கா

லேப்டாப்பில் செருகும் சின்ன டிவிடி டிரைவ் கையோடு கொண்டுவந்திருந்தேன், தினமும் இரவு வாங்கியதையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிடுவேன். ஓட்டினேன் என்றால் முதல் ஐந்து நிமிஷம் இல்லை, நடுவிலும் கடைசியிலும் போட்டுப் பார்க்க வேண்டும், டிஸ்க்கின் வெளி விளிம்பில்தான் பழுது அதிகம், படத்தின் கடைசிப் பகுதி அங்கேதான் பதிந்திருக்கும். ‘ஹரிதாஸ்’ இரண்டாவது டிஸ்க் கடைசிக் கால் மணி நேரம் சிக்கிச் சிக்கி நின்றுவிட்டது.

பாய் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடக்க இடம் கிடையாது. விடுமுறை நாள் என்பதால் கட்டுமான வேலை, கப்பல் பட்டறை வேலை செய்யும் தம்பிகள் தீவின் எல்லா மூலையிலிருந்தும் வந்துவிடுகிறார்கள். பாய் வேறு ஒரு பெட்டியைத் திறந்து அதே படத்தின் இன்னொரு பிரதியைத் தேடி எடுத்தார், அதில் முதல் டிஸ்க் இல்லை, இரண்டாவது இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் படம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர் கடையில் உதவிக்கு நின்ற பையன், “எதுக்கு ஆண்ட்டி இவ்வளவு கஷ்டம், இருபது வெள்ளி குடுங்க, பென்டிரைவ்ல நானூறு படம் போட்டுத் தரேன்” என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த நானூறும் இணையத்தில் இருந்து இறக்கிய அதே முத்திரை போட்ட, பாட்டு வெட்டின பிரதிகள், நான் எவற்றைத் தவிர்க்க இவ்வளவு தூரம் அலைகிறேனோ அவை. சட்டமும் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் ஒரு படத்துக்கு வெளியானதிலிருந்து 60 வருஷம்தான் பதிப்புரிமை, அதற்குப் பிறகு பொதுச்சொத்து, அதாவது 1964 வரை வந்த தமிழ்ப் படங்களை இப்போது யாரும் முறையாகவே சுத்தம் செய்து மலிவாக வெளியிடலாம். சிங்கப்பூரில் அது 70 வருஷம். இந்தக் கதவு திறந்து கிடக்கும்போது நல்ல பிரதியிலிருந்து ஒழுங்காக யாரும் போட முன்வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கடையில் இருந்தபோது புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் சூட்கேஸ் பூட்டு வாங்க வந்தார். என் கையில் இருந்த டிவிடிகளைப் பார்த்து, “அக்கா, எங்க டார்மிட்டரில முன்னாடி ஒரு பிளேயர் இருந்துச்சு, பாய் கடை டிவிடிதான் ரூம் ரூமா சுத்தும், சிவாஜி படம் போட்டா சமையக்காரரு வேலையை விட்டுட்டு வந்து நிப்பாரு” என்றார். அந்த டிவிடியெல்லாம் எங்கே என்று கேட்டேன். ஆட்கள் ஊருக்குப் போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அப்படியென்றால் புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் ஏதோ வீடுகளில் பரணில் அவை இருக்கும். ஊருக்கு வந்து விசாரிக்கச் சொல்லித் தன் அண்ணன் எண்ணைக் கொடுத்தார்.

கிளம்பும் நேரம் பாய் ஒரு டப்பாவை நீட்டினார், அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சி. “ஊர் ருசி இருக்கும்மா, சூடு ஆறுமுன்ன சாப்பிடுங்க” என்றார். வெந்தயமும் இஞ்சியும் பட்டையும் போட்டு, கறித்துணுக்கு சேர்த்துக் குழைய வைத்த கஞ்சி, கட்டியிருந்த தொண்டைக்கு மிளகு ரசத்தைவிட நன்றாகக் கேட்டது. வருஷக் கடைசியில் கடையை மகனிடம் கொடுத்துவிடப் போகிறாராம், மகன் டிவிடி பெட்டிகளை வைத்துக்கொள்வாரா என்பது அவருக்கே தெரியவில்லை. மிச்சமிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையெல்லாம் எனக்காகத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, ஐம்பது வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் நாத்தனார் ஊருக்கு வரும்போது எடுத்து வருவாள்.

‘மை மேஜிக்’ கிடைக்கவில்லை. நியாயமான விலைக்கு அதன் ஒரிஜினல் டிவிடி எங்காவது விற்பனைக்கு இருப்பது தெரிந்தால் கீழே எழுதுங்கள். கே.எம். பாஸ்கர், எஸ். ராமநாதன் இயக்கிய மலாய்ப் படங்களின் விசிடி பினாங்கிலோ ஈப்போவிலோ பார்த்தவர்கள் இருந்தால் கடை இருக்கும் தெருவின் பெயர் போதும், டிசம்பர் விடுமுறையில் நானே போய்க்கொள்கிறேன்.